இரண்டு செல்விகளும் இனிஷியல் அண்ணனும்

போடிநாயக்கனூரில் ஒருவரைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காத ஒரே மனிதர் இனிஷியல் அண்ணன்தான். "ஒங்க இனிஷியலுக்கு விரிவு என்ன?" என்பார். பதில் வந்த பிறகுதான் வணக்கம்.

நான் குமாஸ்தாவாக இருந்த கல்லூரியில் அவர் நூலகர். ஏலக்காய் மலையையும் அங்குள்ள சனங்களையும் பற்றி வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளையெல்லாம் தேடி எடுக்க இணையத்தில் ஒரு அட்டவணை கட்டிக்கொண்டிருந்தார். ஓப்பன் சோர்ஸ். அதை டீக்கடை மாஸ்டருக்கும் விளக்கினார்.

"யாரும் சும்மா பாத்துக்கலாம். அது ஓடுற சூத்திரத்தையும் எடுத்துட்டுப் போயி அவங்க ஊர்ல ஒண்ணு கட்டிக்கலாம்."

"அதாவது டீயும் ஓசி, டீ போடுற பக்குவமும் ஓசி. வெளங்கிரும்ண்ணே!"

அட்டவணை ஓடத் தொடங்கிய அன்றே எம். முருகன் என்று ஒரு மேதை அகப்பட்டார். ஏலச்செடி அழுகல், யானை வழித்தடம், பிரசவ மருத்துவம் எல்லாவற்றிலும் எழுதியிருந்தார். ஒரு வாரம் போன் போட்டு, அது ஐந்து முருகன்கள் என்று அண்ணன் கண்டுபிடித்தார். அந்த வாரமே சிலமலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பெயரும் எம். முருகன். தாலியைக் கையில் எடுத்தவரிடம் போய், "மாப்ளே, நீங்க கட்டுரை எதுவும் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். அண்ணனைப் பந்திப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது நான்தான்.

ஒருநாள் காலை மலைமேல் இருக்கும் போடிமெட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் பி. செல்வி. ஏலப்பூவுக்கு வரும் தேனீக்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவள். மறுநாள் ஒரு கல்லூரியில் நேர்காணல்.

"காலேஜ்காரங்க ஒங்க அட்டவணையப் பாத்துட்டு, நீங்க பல் டாக்டராம்மான்னு கேக்குறாங்கண்ணே. கட்டுரையெல்லாம் எனதுதான்னு நம்ப மாட்டேங்கிறாங்க."

அட்டவணை இவளையும், பல் மருத்துவம் எழுதிய இன்னொரு பி. செல்வியையும் ஒருத்தியாக்கியிருந்தது. அண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

"ஆதாரத்த வாட்ஸ்அப்புல அனுப்பவாண்ணே?"

"வேணாம்மா. தப்பு எனது. நேர்ல வந்து திருத்துறேன்."

லேப்டாப்பையும் என்னையும் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஜீப்பில் ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தார். நடுநடுவே, பக்கத்திலிருந்த பெண்களிடம் இனிஷியல் விசாரித்தார்.

செல்வி கட்டுரைகளையும் தோட்டத்தில் எழுதிய நோட்டுகளையும் பரப்பி வைத்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்: "பல்லப் பத்தி எதுவும் எழுதினியாம்மா?"

"எனக்கே கடவாப்பல்லு சொத்தண்ணே!"

வீட்டில் சிக்னல் இல்லை. செல்வி போன் போடும் பாறை மேலே இருந்தது, அங்கே இரண்டு கோடு வரும் என்றார்கள். ஏறினோம். தூறல். செல்வியின் அப்பா லேப்டாப்புக்குக் குடை பிடித்தார், நாங்கள் நனைந்தோம். அண்ணன் இரண்டு செல்விகளையும் பிரித்து, இவளைப் 'பாண்டி செல்வி' என்று தமிழிலும் பதிந்தார்.

பெரியவர் குனிந்து, "பா...ண்...டி" என்று எழுத்துக்கூட்டினார். "எம்பேரு எதுக்குங்க? தேனீயப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாதே!"

"ஒங்க மகளுக்குத் தெரியும்ல, அது போதும்."

பெரியவர் குடையை மடக்கவே மறந்து, பாறை இறங்கி, ஜீப் வரை பிடித்தபடியே வந்தார்.

செல்விக்கு வேலை கிடைத்தது. அண்ணன் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். போன் செய்தால் எடுக்க மாட்டார். நான் தினமும் அலுவலகம் வந்ததும் அந்த அட்டவணையைத் திறப்பேன். தேட எனக்கு ஒன்றுமில்லை. அண்ணன் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்ப்பேன். நேற்றைய தேதி இருந்தால், ஆள் சுகமாக இருக்கிறார் என்று என் சோலியைப் பார்க்கப் போய்விடுவேன்.