ஊமத்தங்காயும் நாற்பது கேள்விகளும்

ஒரு காட்டில் பத்தாம் வகுப்புக் குட்டிகள் ஒவ்வொன்றாக ஊமத்தங்காயைத் தின்றுவிட்டுக் கரடி டாக்டரிடம் போய்ப் படுத்தன. புற்றுக்குப் பின்னால் கூடித் தின்பதும், தள்ளாடுவதைப் படம் எடுத்துப் போடுவதும்தான் அந்த வருஷத்து வீரம். எந்தக் குணமுள்ள குட்டி ஆபத்தைத் தேடிப் போகிறது என்று கண்டறிய, சிங்க ராஜா ஆந்தை முனைவரை நாற்பது கேள்விகளோடு பள்ளிக்கு அனுப்பியது.

"வீட்டுல நிரப்பிட்டு வாங்க. பெற்றோர் கையெழுத்து முக்கியம்" என்றது ஆந்தை. அவ்வளவு படித்த பறவை இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

நம் காட்டில் எந்த அம்மா குட்டியை நம்பிப் பேனாவைக் கொடுத்திருக்கிறது? அம்மாக்களே உட்கார்ந்து நிரப்பின. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுப் படிவத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டன.

பவழம் என்ற முயல்குட்டி மட்டும் தானே எழுதியது. 'நண்பர்கள் கூப்பிட்டால் ஆபத்தான இடத்துக்குப் போவாயா?' என்பதற்கு, 'பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை புற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகாவிட்டால் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். போவேன்' என்று எழுதியது.

அம்மா முயல் படித்தது. "நீ அப்படியெல்லாம் போற பொண்ணாடி? இதைப் பார்த்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க? வேற ஃபாரம் வாங்கிட்டு வா, நான் எழுதித் தரேன்."

பவழம் அதையே கொண்டுபோய் நீட்டியது.

"கையெழுத்து எங்கம்மா?" என்றது ஆந்தை.

"அம்மா போடல சார். ஆனா எழுதினது நிஜம் சார்."

"நிஜமாவே இருக்கட்டும். கையெழுத்து இல்லாம ஆய்வுல சேர்க்க முடியாதே" என்று ஆந்தை திருப்பிக் கொடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பவழம் புற்றுக்குப் போனது. கரடி டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த வாரம் ஆய்வறிக்கை வந்தது. ஊமத்தங்காய் தின்ற அத்தனை குட்டிகளும் அடக்கம், பொறுமை, பெரியவர் பேச்சைத் தட்டாமை ஆகியவற்றில் நூற்றுக்கு நூறு. ஆகவே ஆபத்துக்குக் காரணம் கீழ்ப்படிதலே.

ராஜா உடனே வாரம் ஒரு கீழ்ப்படியாமை வகுப்பை ஆரம்பித்தது. வராத குட்டிகள் முட்டி போட வேண்டும். வகுப்புக்கான அனுமதிப் படிவம் எல்லா வீட்டுக்கும் போனது. பவழத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து யாரும் அடிக்காததால் அதன் வீட்டுக்கும் ஒன்று வந்தது.

அம்மா முயல் இந்த முறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

நீதி: குட்டிகளே, ஆபத்தில் சிக்கப் போவதாக இருந்தால் பெற்றோர் கையெழுத்தோடு முன்கூட்டியே தெரிவிக்கவும். கையெழுத்தில்லாத உண்மை பரிசீலிக்கப்பட மாட்டாது.