செங்குத்தான பொருள்

சைப்பிரஸ் தீவின் இரு தரப்பும் எதிலும் ஒத்துப்போவதே இல்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுவது அபாண்டமான பழி. இருதரப்புக் கூட்டுப் பராமரிப்பு உபகுழுவின் குறிப்பெடுப்பாளன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன். எங்கள் குழு மூன்று விஷயங்களில் முழுமையான, ஏகமனதான, வாக்கெடுப்பே தேவைப்படாத உடன்பாடு கண்டிருக்கிறது. உலகச் சமாதான வரலாற்றில் இதற்கு ஈடு கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கைதட்டுவதை நீங்கள் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

நான் இலியாஸ். மாரோனைட் கிறிஸ்தவன். என் ஊர் வடக்கே, என் பென்ஷன் தெற்கே. கிரேக்கமும் துருக்கியும் தண்ணி பட்ட பாடு. இரண்டு தரப்பும் என்னைச் சமமாக நம்புவதில்லை. இந்தத் தகுதிகளுக்காகத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

குழு கூடும் அறை நிக்கோசியா நகரின் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத பச்சைக்கோட்டுக்குள் இருக்கிறது. அதற்கு இரண்டு வாசல். தெற்கு வாசல் தெற்கத்தியருக்கு, வடக்கு வாசல் வடக்கத்தியருக்கு. முதலில் நுழைந்தவர் மற்றவருக்காகக் காத்திருந்ததாக ஆகிவிடும். காத்திருப்பது பலவீனம். ஆகவே இரு இணைத்தலைவர்களும் தத்தம் கதவுக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் கைப்பிடியைத் திருகுவார்கள். மழை நாளில் இருவரும் தொப்பலாக நனைந்து வந்து உட்காருவார்கள். நான் காபி கொடுப்பேன். வெளியே அந்தக் காபிக்கு ஆளுக்கொரு தேசியம் உண்டு: தெற்கே கிரேக்கக் காபி, வடக்கே துருக்கிக் காபி. குறிப்பில் நான் "சூடான பானம்" என்று எழுதிவிடுவேன். இது நானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

தெற்கின் இணைத்தலைவர் வக்கீல் பொலிகார்ப்போஸ். வடக்கின் இணைத்தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் எர்தெம். இருவரும் மாமனிதர்கள். பேச்சுவார்த்தையே வாழ்க்கை என்று இளம் வயதில் வந்து, தலை நரைக்கும்வரை அதை முடிய விடாமல் காத்து நின்றவர்கள்.

எங்கள் முன் இருந்த ஒரே பிரச்சினை, ஒரு சுவர்.

தெஸ்போவின் வீடு தெற்கு நிக்கோசியாவில் ஒரு சந்தின் கடைசி வீடு. முன்பெல்லாம் சந்து அதற்கு மேலும் போகும். எழுபத்துநாலு போரில் தீவு கிரேக்கத் தெற்கு, துருக்கிய வடக்கு என்று பிளந்த பிறகு போவதில்லை. பழைய மண்கல் வீடு. போர் நடந்தபோது வீட்டின் நடுவே அவசர அவசரமாக ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தெஸ்போவின் கட்டில். அந்தப் பக்கம், வடக்கில், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நெவ்சாத்தின் கட்டில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் அவர் இருமுவது இவருக்குத் தெரியும். இவர் வெங்காயம் வதக்குவது அவருக்குத் தெரியும். சுவர் இரண்டு பேர் மேலும் சரியப் பார்த்தது. இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஒரே மனுவைக் கொடுத்தார்கள்: மழைக்கு முன்னால் சுவருக்கு முட்டுக் கொடுங்கள்.

நடந்து வடக்கே போய் அந்த ஆளிடமே பேசலாமே என்று தெஸ்போவிடம் கேட்டால் தீர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கே போகும் கடவு திறந்து வருஷக்கணக்கில் ஆகியும் அவர் தாண்டியதில்லை. தாண்ட வேண்டுமென்றால் வடக்குச் சாவடியில் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ காட்ட வேண்டும்.

"நான் பொறந்த வீடு வடக்க லாப்பித்தோஸ்ல இருக்கு," என்பார். "வாசல்ல எலுமிச்ச மரம். சொந்த வீட்டுக்குப் போறதுக்கு எவன்கிட்டயோ அட்ட காட்டணுமா? செத்தாலும் காட்ட மாட்டேன்."

எங்கள் தீவில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அவருடைய அக்காகூட ஒரு தடவை அட்டை காட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தெஸ்போ அதிலிருந்து அக்காவோடு பேசுவதில்லை.

மனு குழுவின் முன் வந்தது. விவாதம் உயர்ந்த தளத்தில் நடந்தது.

"அந்தச் சுவரு அங்க இருக்கவே கூடாதுங்கறது எங்க நிலைப்பாடு," என்றார் பொலிகார்ப்போஸ். "இருக்கக் கூடாத சுவருக்கு எப்படி முட்டுக் குடுக்கறது? நாளைக்கு அதையே காட்டி, பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாங்கம்பீங்க."

"அது எங்க நாட்டோட எல்லைச் சுவரு," என்றார் எர்தெம். "மொதல்ல அத நாடுன்னு ஒத்துக்கங்க. அப்புறம் சுவரத் தொடலாம்."

"நாடே இல்லையே."

"அப்ப எல்லையும் இல்ல. சுவரும் இல்ல. இல்லாததுக்கு எதுக்கு முட்டு?"

இரு தரப்பும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதைக் கண்டு எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் அது உடன்பாடு ஆகவில்லை. ஏனென்றால் எங்கள் பேச்சுவார்த்தைக்கு ஒரு பொன்விதி உண்டு: எல்லாவற்றிலும் உடன்பாடு வரும்வரை எதிலும் உடன்பாடு வந்ததாகாது. ராணுவம், நிலம், சொத்து, ஜனாதிபதி யார் என்பதெல்லாம் முடிந்தால்தான் சுவருக்கு முட்டுக் கொடுப்பதும் முடியும். அதுவரை அதை "சுவர்" என்று எழுதினால் தெற்கு கையெழுத்துப் போடாது. "தடுப்பு" என்று எழுதினால் வடக்கு போடாது. பல கூட்டங்களுக்குப் பிறகு நான் பணிவோடு ஒரு சொல்லை முன்வைத்தேன்: "செங்குத்தான பொருள்." இரண்டு பேரும் அதைத் தத்தம் தலைமையிடம் கேட்டுச் சொல்வதாக எடுத்துப் போனார்கள்.

நான் தெஸ்போவைப் பார்க்கப் போனேன். கட்டில் மேல் போர்வை விரித்து, போர்வை மேல் பிளாஸ்டிக் விரித்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் மேல் மண்.

"கூட்டத்துல என்ன சொன்னாங்க இலியாஸ்?"

"செங்குத்தான பொருள்ங்கற வரைக்கும் வந்திருக்கோம் அக்கா."

அவர் சுவரைப் பார்த்தார். "அது எங்க தம்பி செங்குத்தா இருக்கு? சாஞ்சுல்ல கெடக்கு."

இந்த ஆட்சேபத்தை நான் குழுவில் வைத்தது என் கெட்ட நேரம். பொருள் எந்தப் பக்கம் சாய்கிறது, யார் தூண்டுதலில் சாய்கிறது என்று அடுத்த விவாதம் தொடங்கியது. அது முடிவதற்குள் மழை வந்துவிட்டது.

சுவர் ஒரு காலை நேரத்தில் விழுந்தது. எந்தப் பக்கமும் சாயாமல், நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டது. எங்கள் தீவில் அவ்வளவு நடுநிலையோடு யாரும் எதையும் செய்ததில்லை. தெஸ்போ அப்போது அடுப்படியில் இருந்தார். நெவ்சாத் சவரம் செய்துகொண்டிருந்தார். செய்தி கேட்டு நான் ஓடியபோது, தூசி அடங்கிய இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டில்கள், இரண்டு கிழங்கள். ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரை.

"அடிபட்டுச்சாக்கா?" என்று நெவ்சாத் கிரேக்கத்தில் கேட்டார். அவர் தெற்கே பாஃபோஸ் பக்கத்து ஆள். போருக்குப் பிறகு வடக்கே அனுப்பப்பட்டவர். அவர் கிரேக்கத்தில் பாஃபோஸ் சந்தை மணத்தது.

"இல்ல. நீங்கதான் அந்த இருமலா?"

"நீங்கதான் அந்த வெங்காயமா?"

"சிகரெட்ட விட்டுத் தொலைங்க. மனுசி தூங்க வேணாமா?"

"நீங்க ராத்திரி அந்த சீரியல் சத்தத்தக் கொறைங்க. ஆமா, அந்தப் பையன் கடைசில அவளக் கட்டிக்கிட்டானா?"

"இன்னும் இல்ல," என்றார் தெஸ்போ. பிறகு இடைவெளியின் வழியாக அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நெவ்சாத்தின் ஜன்னலுக்கு வெளியே ஐந்து விரல் மலை தெரிந்தது. லாப்பித்தோஸ் அதற்குப் பின்னால்தான். அவர் கை ஏப்ரனைக் கசக்கியது.

"நீங்க எந்த ஊருக்கா?"

"லாப்பித்தோஸ்."

"பக்கம்தானே. கார் வெளிய நிக்குது. போய்ட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துரலாம்."

"நான் அட்ட காட்ட மாட்டேன்."

"எங்கிட்ட எதுக்குக்கா அட்ட? செருப்பக் கழட்டிட்டு வாங்க, கம்பளம் விரிச்சிருக்கு. அது போதும்."

தெஸ்போ அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். "அடுப்ப அணைச்சுட்டு வரேன்," என்றார். அணைத்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, விழுந்த கற்களின் மேல் கால் வைத்து, என் தோளைப் பிடித்துத் தாண்டினார். எந்த அட்டையும் காட்டாமல், எவனுக்கும் தலைகுனியாமல், ஐம்பது வருஷம் கழித்துத் தன் வீட்டைப் பார்க்கப் போனார். எனக்கும் கண் கலங்கியது. இது குறிப்பில் இல்லை.

கார் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் குழு அவசரமாகக் கூடியது. வரலாற்றில் முதல் முறையாக இரு இணைத்தலைவர்களும் ஒருவர் கதவை ஒருவர் பார்க்காமல் உள்ளே ஓடி வந்தார்கள்.

"ஒரு ஓட்ட விழுந்திருக்கு," என்றார் பொலிகார்ப்போஸ். "யார் வேணா வரலாம், யார் வேணா போகலாம்."

"அதான் எனக்கும் பயம்," என்றார் எர்தெம். "இன்னிக்கு ஒரு படுக்கையறை. நாளைக்கு ஆளாளுக்குச் சுவத்தத் தள்ளுவான்."

"ஒடனே கட்டணும்."

"இன்னிக்கே கட்டணும்."

"எங்ககிட்ட சிமெண்டு இருக்கு."

"கல்லும் கம்பியும் நாங்க தர்றோம்."

பொன்விதி என்ன ஆவது என்று நான் கேட்டேன். கேட்பது என் கடமை.

"இது உடன்பாடே இல்ல," என்றார் பொலிகார்ப்போஸ். "ரெண்டு தரப்புக்கும் தனித்தனியா ஒரே நேரத்துல வந்த யோசன."

"அருமையாச் சொன்னீங்க," என்றார் எர்தெம். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். இதுவே முதலாவது உடன்பாடு.

"ஐயா, ஒரு விஷயம்," என்றேன். "தெஸ்போ அக்கா அந்தப் பக்கம் போயிருக்காங்க."

பொலிகார்ப்போஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எந்தப் பக்கம்? அந்தப் பக்கம்னு ஒண்ணு கெடையாதேப்பா. தீவு ஒண்ணுதான். அதனால அந்தம்மா எங்கயும் போகல."

எர்தெம் தலையாட்டினார். "எங்க சாவடில பதிவு எதுவும் இல்ல. அதனால அந்தம்மா எங்கயும் வரல."

போகவும் இல்லை, வரவும் இல்லை. இது இரண்டாவது உடன்பாடு.

சுவர் எழும்பியதைப் பார்த்திருக்க வேண்டும். தெற்குக் கொத்தனார் சாந்து குழைக்க, வடக்குக் கொத்தனார் கல் எடுத்துக் கொடுக்க, ஒருவர் ரசமட்டத்தை இன்னொருவர் பிடிக்க, ஹெல்லிம் பாலாடைக்கட்டியும் ஆலிவும் பகிர்ந்து தின்று, கடைசிக் கல்லுக்கு முன் அவரவர் பக்கம் திரும்பினார்கள். உள்ளே இரும்புக் கம்பி, இரட்டைக் கல். நான் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் அது உண்மையிலேயே செங்குத்தாக இருந்தது. என் ஆயுளில் இரு தரப்பும் சேர்ந்து கட்டியதாக எனக்குத் தெரிந்த ஒரே கட்டடம் அதுதான். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள்.

தெஸ்போ திரும்பி வந்தபோது சாந்து ஈரமாக இருந்தது. நான் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

"இலியாஸ், இருக்கியா?"

"இருக்கேன் அக்கா."

"வீட்டப் பாத்தேன் தம்பி. ஒரு பொண்ணு இருக்கா, நல்ல பொண்ணு. காபி போட்டா. மரத்துல வேணும்ங்கறத பறிச்சுக்கங்கன்னா. எங்கப்பா வச்ச மரத்துல பறிக்க எனக்கு அனுமதி குடுக்கறா. நான் நன்றி சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?" சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. "இப்ப நான் என் வீட்டுக்கு எப்படி வர்றது?"

மறுநாள் காலை, அவர் மேசையிலிருந்த அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்கே போனேன். சாவடிக்குப் பக்கத்தில், தெஸ்போ மடியில் எலுமிச்சம்பழங்களோடு நெவ்சாத்தின் காரில் இருந்தார். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இறங்கி நடந்து, சாவடி ஜன்னலில் நீட்டினார். அத்தனை வருஷம் நீட்டாத கை. அக்காவோடுகூடப் பேச்சை முறித்துக்கொண்ட கை. நெவ்சாத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க உள்ள வந்த பதிவே இல்லையேம்மா. வராதவங்கள எப்படி வெளிய விடறது?"

எங்கள் தெற்குச் சாவடியில் ஓடிப்போய் விசாரித்தேன். "போகாதவங்க எப்படிங்க திரும்பி வருவாங்க?" என்றார்கள்.

விவகாரம் இப்போது எங்கள் குழுவின் முன் இருக்கிறது. எல்லாவற்றிலும் உடன்பாடு வந்ததும் இதிலும் வந்துவிடும். அதுவரை தெஸ்போ நெவ்சாத்தின் கட்டிலில் படுக்கிறார். நெவ்சாத் முன்னறையில் சோபாவில் படுத்து இருமுகிறார். இரு சமூகத்தவர் ஒரே கூரையின் கீழ் வாழ எங்கள் குழு வழிசெய்திருப்பதாக ஆண்டறிக்கை சொல்கிறது. சுவர் இனி தெஸ்போவின் கட்டில் மேல் விழவே விழாது. மனுவில் கேட்டது அதுதானே.

போன கூட்டத்துக்கு முன் அவரைப் போய்ப் பார்த்தேன். குழுவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேளு," என்றார். "முட்டுக் குடுங்கய்யான்னு அத்தன நாளு கெஞ்சினேன், ஒரு கட்ட கெடைக்கல. தீவச் சேத்து வைங்கன்னு ஊரே கேக்குது, அதுக்கும் ஆள் இல்ல, நேரம் இல்ல. எனக்கும் என் வீட்டுக்கும் நடுவுல சுவருன்னதும் அர நாள்ல எங்கேருந்துய்யா வந்துச்சு அத்தன சிமெண்டு?"

கேள்வியை ஒரு எழுத்து மாறாமல் குழுவில் படித்தேன். இதைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார்கள் இருவரும், ஒரே குரலில். அது மூன்றாவது.