ஸ்லாட் காயும் நேரம்

ஞாயிறு காலை ஒன்பது மணி. கேசட் மூன்று. ஆள் ஒருவன், நான். அலுவலகத்தில் என்னைச் 'சாக்குப்பை' என்பார்கள். எதற்கும் கைவசம் ஒரு சாக்கு வைத்திருப்பதால் கிடைத்த பட்டம்.

அன்றைய சாக்கு, என் பழைய வீடியோ கேம் பெட்டி. கேசட் செருகும் ஸ்லாட்டில் அழுக்கு சேர்ந்து, டிவியில் வெறும் புள்ளிகள். அதைவிட அழுக்கு சேர்ந்த ஒன்று சமையலறையில் இருந்தது: எக்ஸாஸ்ட் ஃபேன். அதை நான் அன்றே துடைத்தாக வேண்டும் என்பது வீட்டு அமைச்சரவையின் முடிவு. அமைச்சரவையில் நான் இல்லை. சோபாவில் சாய வேண்டிய ஞாயிறு கைநழுவப் பார்த்தது.

ஸ்லாட்டைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டும். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் மனைவியிடமே முந்தைய நாள் சொல்லி வாங்கிவரச் செய்திருந்தேன். எதிரியிடமே ஆயுதம் வாங்கும் ராஜதந்திரம்.

"இது முழு நாள் வேலைம்மா," என்றேன்.

"வாயால ஊதினா போதாதாங்க? இத்தனை வருஷம் ஊதித்தானே போட்டீங்க?"

"எச்சில் பட்டா உள்ள இருக்குற கம்பி பின்னெல்லாம் துருப்பிடிச்சிடும். மெல்லிசா ஒரு அட்டையில துணி சுத்தி, ஸ்பிரிட்ல நனைச்சு, மெதுவா விட்டு எடுக்கணும்."

"அடேங்கப்பா! அப்புறம்?"

விட்டு எடுத்தேன். துணி கறுத்தது. ஸ்லாட் பளபளத்தது. ஆபத்து! வேலை முடிந்துவிட்டது.

"அப்புறம் காயணும்," என்றேன் அவசரமாக. "ஈரத்தோட கரண்ட் குடுத்தா பெட்டி புகைஞ்சிடும்."

"எவ்வளவு நேரங்க?"

"சாயங்காலம் வரைக்கும்!"

"ஐயோ பாவம், அதுவரைக்கும் சும்மாவா உக்காந்திருப்பீங்க?"

ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழே.

சாயங்காலம், பிசுக்குக் கையோடு ஹாலுக்கு வந்தேன். டிவியில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. ஜாய்ஸ்டிக் அவள் கையில். ஆறாவது லெவல். நான் மூன்றைத் தாண்டியதில்லை.

"அதுக்குள்ள காஞ்சிடுச்சா?"

"நீங்க ஸ்டூல்ல ஏறுறதுக்குள்ளயே காஞ்சிடுச்சுங்க. ஊசி குத்துற இடத்தை தினமும் இதே ஸ்பிரிட்லதானே துடைக்கிறேன்? சாயங்காலம் வரைக்கும் காயணும்னா, எங்க லேபுக்கு எவன் வருவான்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்லாட்டை அவளே துடைத்துக் காயவைத்தாள். நான் துடைப்பத்தோடு பரண் மேல் ஏறினேன்.