அண்டாவுக்கு விட்ட நோட்டீஸ்

காதல் கடிதம் எழுதத் தெரியாமல் விழித்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். காதல் கடிதம் எழுதுவதாக நினைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் முன் அனுப்புகிற நோட்டீஸை எழுதியவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான். அதையும் சாதாரணத் தபாலில் அனுப்பவில்லை. ரிஜிஸ்தர் செய்து, ஒப்புகைச் சீட்டும் வைத்து அனுப்பினேன். (அரைகுறை வேலை நமக்குப் பிடிக்காது பாருங்கள்.)

அறுபதுகளின் கடைசி அது. எங்களுக்கு ஊர் மானகிரி. டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, காரைக்குடியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. குமாஸ்தா என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அவர் சொல்வதை டைப் அடிப்பது, கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு முன்சீப் கோர்ட்டுக்கு அலைவது, மத்தியானம் அவர் தூங்கும்போது வருகிற கட்சிக்காரர்களுக்குப் பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பது, இவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் நடை மட்டும் ஜட்ஜ் நடை. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட, "மேற்படி செம்பை எடுங்க" என்று சொல்கிற அளவுக்கு எனக்கு முற்றிப்போயிருந்தது.

வக்கீல் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சின்ன வழக்குக்கு யாரும் நேரா கோர்ட்டுப் படி ஏறக்கூடாது. மொதல்ல ஒரு நோட்டீஸ் விடணும். நமக்கு என்ன வரணும், எப்பக்குள்ள வரணும், வராட்டி என்ன செய்வோம், இம்புட்டுத்தான் சங்கதி. பாதிப் பேரு நோட்டீஸைக் கண்டதுமே கொடுத்துட்டு வந்துருவான்."

அந்தக் கடைசி வரியை நான் வேதமாகப் பிடித்துக்கொண்டேன். யாருக்காவது ஒரு நோட்டீஸ் விட்டுப் பார்க்க வேண்டுமென்று கை அரித்தது. அந்த நேரம் பார்த்து அம்மா அண்டாப் பேச்சை எடுத்தாள்.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, வாழ்க்கைப்பட்டது அரியக்குடியில். அத்தையின் மூத்த மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு தெருவுக்கே சோறு வடிக்கலாம், அவ்வளவு பெரிசு. விளிம்பில் அப்பா பெயர் வெட்டியிருக்கும். கல்யாணம் நடந்து, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையும் பிறந்து, பிள்ளை நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அண்டா மட்டும் வந்து சேரவில்லை.

"உங்க அத்தைகிட்ட வாயைத் திறந்து எப்படிக் கேக்குறது. ஒரு அண்டாவுக்கு ஆலாப் பறக்குறாகன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிருவாக," என்றாள் அம்மா.

"நீங்க விடுங்க. நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன் மீனாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மீனாள் அத்தையின் இளைய மகள், எனக்கு முறைப்பெண். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எனக்கு அவள் மேல் உயிர். இப்போது பளிச்சென்று எழுதிவிட்டேன். அப்போது அவள் "வாங்க மச்சான்" என்றால் "ம்" என்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அவளுக்கு ஒரு கடிதம் எழுதலாமென்றால், யார் கையிலாவது சிக்கினால் இரண்டு வீட்டிலும் தோலை உரித்துவிடுவார்கள்.

ஆனால் மாமாவுக்கு இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் போனால்? மாமா அதை யாரிடம் கொடுப்பார்? மீனாளிடம்தான். அவள் வாய்விட்டுப் படிப்பாள். நான் கோத்த இங்கிலீஷ் அவள் வாயால் வரும். 'மச்சானுக்கு இவ்வளவு ஞானமா' என்று அசந்து நிற்பாள். என் மூளை இப்படித்தான் ஓடியது. (இதற்குப் பெயர் மூளை என்று அன்றைக்கு நம்பிக்கொண்டிருந்தேன்.)

வக்கீல் தூங்குகிற மத்தியானங்களில் ஆபீஸ் மெஷினிலேயே அடித்தேன். 'அண்டாவைக் கொடுத்தனுப்புங்கள்' என்பதை நாலு வரியில் முடித்திருக்கலாம். நான் ஃபுல்ஸ்கேப் தாளில் இரண்டு பக்கம் அடித்தேன். அண்டா என்ற சொல்லே கிடையாது, எங்கு பார்த்தாலும் 'தி செய்ட் வெசல்', அதாவது மேற்படி பாத்திரம். கொடுக்கப்பட்ட அதே நிலையில், எதுவும் கூட்டாமலும் எதுவும் குறைக்காமலும், ஒரு வாரக் கெடுவுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் முன்சீப் கோர்ட்டில் வழக்குத் தொடரப்படும், செலவு முழுவதும் உங்கள் தலையில் என்று போட்டேன். 'கூட்டாமலும் குறைக்காமலும்' என்பதற்கு அகராதியைப் புரட்டி நல்ல கனமான வார்த்தைகளாகப் பொறுக்கினேன். அந்த இடத்தைப் படிக்கும்போது மீனாள் என்னை நினைப்பாள் என்று எனக்கு ஒரு கணக்கு.

கையெழுத்து அப்பாவுடையது வேண்டும், அண்டா அவருடையதல்லவா. வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் தாளை நீட்டினேன்.

"என்னப்பு இது?"

"அத்தை வீட்டுக்குக் கடுதாசிப்பா. அண்டாவை ஞாபகப்படுத்தி எழுதியிருக்கேன்."

"இங்கிலீசுலயா? நல்லா எழுது. தங்கச்சியை நலம் விசாரிச்சியா?"

"விசாரிச்சிருக்கேன்பா."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மகன் எழுதிய இங்கிலீஷில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

கெடு முடிகிற அன்று எங்கள் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மாமா இறங்கினார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன் அவர். வண்டிக்காரரும் அவரும் சேர்ந்து அண்டாவை இறக்கி வாசலில் வைத்தார்கள். பளபளவென்று இருந்தது. நோட்டீஸ் வேலை செய்துவிட்டது என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"வாங்க மாப்ளே. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீக. தங்கச்சி வரலையா? உள்ள வாங்க," என்றார் அப்பா.

"இருக்கட்டும் மச்சான்."

"மோராவது குடிங்க."

"இருக்கட்டும் மச்சான்."

அம்மா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு வாங்கிப் போன பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒன்றும் இல்லாதவர்கள்கூட ஒரு கை அரிசியும் வெற்றிலை பாக்கும் வைத்துத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் வந்தால், இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"கொடுத்தபடிக்கே கொண்டாந்திருக்கேன் மச்சான். கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. கடுதாசியில அப்படித்தான் கண்டிருந்துச்சு," என்றார் மாமா.

"எந்தக் கடுதாசியில?" என்றார் அப்பா.

மாமா மடியிலிருந்து என் நோட்டீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அப்பா தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்க? தமிழ்ல சொல்லு."

அந்த வாசலில் நின்று, மாமாவை வைத்துக்கொண்டே, நான் எழுதியதை நானே தமிழில் சொன்னேன். இங்கிலீஷில் அவ்வளவு ஜம்மென்று இருந்தது, தமிழில் சொல்லச் சொல்ல நாக்கு ஒட்டிக்கொண்டது. கோர்ட் என்ற இடம் வந்ததும் அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாமா பக்கம் திரும்பி, "இதுலயா நான் கையெழுத்துப் போட்டேன் மாப்ளே," என்றார். அடித்திருந்தால் தேவலாம்.

"நீங்க என்ன செய்வீக," என்றார் மாமா. "உங்க தங்கச்சி அண்டாவுக்கு ஈயமெல்லாம் பூசி வச்சிருந்தா. போன வருசம் கம்மாயில தண்ணி இல்ல, நெல்லு இல்ல. இந்த வெள்ளாமை வீடு வரவும், தையில இது நெறைய அரிசியும் தேங்காயும் வச்சுக் கொண்டாந்து, சின்னவ பேச்சை எடுக்கணும்னு இருந்தா. அண்ணன் வீட்டு அண்டா மருமகளோட போய் எறங்கட்டும்னு சொல்லுவா. இனி அந்தப் பேச்சு இல்ல."

சின்னவள் என்றால் மீனாள். மருமகள் என்றால் எனக்குப் பெண்டாட்டி. கேட்காமலே என் வீட்டு வாசலுக்கு வரவிருந்ததை, கூட்டாமல் குறைக்காமல் வெறுமையாகக் கொண்டு வா என்று இங்கிலீஷில் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மாமா என்னிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். "மாப்ளே, வாங்கிக்கிட்டதுக்கு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." இங்கிலீஷ். மீனாளின் கையெழுத்து. மேற்படி பாத்திரத்தைக் கோரியபடியே வெறுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரே ஒரு வரி. ஒரு பிழை இல்லை. அவள் எனக்கென்று எழுதிய முதல் தாளும் கடைசித் தாளும் அதுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாமா "வாரேன்" என்று சொல்லவில்லை. "போறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியக்குடிக்குப் போனேன். அத்தை என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். மீனாள்தான் நிலைப்படியில் வந்து நின்றாள். 'வாங்க மச்சான்' இல்லை.

"ஏன் மச்சான் அம்புட்டு நீளமா எழுதுனீக," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல படிச்சப்ப நான் உள்ளதைச் சொல்லவே இல்ல. 'மாமா எல்லாரையும் நலம் விசாரிச்சிருக்காக, அண்டாவைச் சவுகரியம்போலக் கொடுத்துவிடச் சொல்லியிருக்காக'ன்னு சொன்னேன். தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டுறலாம்னு இருந்தேன். எங்க அய்யா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாக. 'ஏத்தா, இம்புட்டு எழுத்துக்கு இம்புட்டுத்தானா விசயம்'னாக. பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்டக் கொண்டுபோய்ட்டாக. அவரு வரிக்கு வரி சொல்லிட்டாரு. நாலு வரியில எழுதியிருந்தீகன்னா நான் மறைச்சிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "உனக்காகத்தான் எழுதுனேன் மீனா. நீ படிப்பேன்னுதான் அம்புட்டும் எழுதுனேன்."

"எனக்குன்னா தமிழ்ல எழுதியிருக்கலாமே," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், காளையார்கோவில் பக்கம் மாப்பிள்ளை. பத்திரிகை தபாலில் வந்தது. தாய்மாமனை வீடு தேடி வந்து, தாம்பூலம் வைத்து அழைப்பதுதான் முறை. தபால்காரர் கொண்டுவந்து போட்ட பத்திரிகையை அப்பா ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். 'இப்படி அழைத்தால் போகக் கூடாது' என்று அம்மா சொன்னதற்கு, "நான் தாய்மாமன். நான் போகாட்டி அந்தப் புள்ளைக்கு யாரு சீர் வைக்கிறது," என்றார். அந்த அண்டா நிறைய அரிசி கொட்டி, மேலே தேங்காயும் பழமும் வைத்து எடுத்துப் போனார். வண்டியில் ஏற்ற ஒரு கை பிடித்தது நான்தான். கூட வா என்று அவரும் சொல்லவில்லை, வருகிறேன் என்று நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவரிடம், "உங்க தங்கச்சி பேசுச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"சாப்பிட்டியான்னு கேட்டுச்சு," என்றார் அப்பா. அண்டா அங்கேயே இருந்துவிட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மெல்ல மெல்ல அத்தை வீட்டோடு போக்குவரத்து ஆரம்பித்தது. ஆனால் நான் கூடத்தில் இருந்தால் மாமா பேச்சைச் சுருக்கிக்கொள்வார்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. முதல் வாரத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் என் மனைவியிடம் கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டார். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், காபி கொடுத்த கையோடு இந்தக் கதையையும் கொடுப்பாள். என் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். முடிக்கிற வரி மட்டும் எப்போதும் அவளுடையது.

"இவுக மட்டும் அன்னைக்கு நாலு வரியில எழுதியிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் சொல்வதில் பெரும்பகுதி கேலிதான் என்று எனக்குத் தெரியும். மிச்சத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.