இளம்பச்சை அபாயம்

வெண்குடை நாட்டில் ஒரு மலை இருந்தது. மலையடியில் பெரிய ஏரி இருந்தது. அந்த ஏரிக்கரைக்குக் கீழே, நல்ல பள்ளமாகப் பார்த்து, ஒரு கலாசாலையைக் கட்டியிருந்தார்கள். இதை ஏன் இங்கே கட்டினீர்கள் என்று கேட்டவர்கள் இப்போது அந்த நாட்டில் இல்லை.

கலாசாலையில் அபாய மணி ஒன்று உண்டு. ஒரு மழைக்காலத்தில் கரையில் கசிவைக் கண்ட காவலாளி மணியை அடித்துவிட்டான். மாணவர்கள் எல்லோரும் மலைமேல் ஏறிவிட்டார்கள். கரை உடையவில்லை; மணிச்சத்தத்தில் மன்னரின் விருந்து மட்டும் பாதியில் நின்றுபோனது. மன்னருக்கு வந்ததே கோபம்! காவலாளியை நாடு கடத்திவிட்டு, எச்சரிக்கைத் துறை என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, அபயங்கரர் என்பவரை அதற்கு அமைச்சராக்கினார்.

அபயங்கரர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. அபாய மணிக்கு நிம்மதி மணி என்று பெயர் சூட்டினார். தம் உத்தரவில்லாமல் அதைத் தொட்டால் சிறை என்றார். அபாயத்தை அளக்க நிறங்களை வகுத்தார்: பச்சை, கரும்பச்சை, இளம்பச்சை. சிவப்பு பகைநாட்டுக் கொடியின் நிறமாகையால் அதற்கு இடமில்லை. மாணவர்கள் மலைமேல் கூடிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மலைப்பாதைக் கதவுக்குப் பூட்டும் போட்டார்.

பிறகு வாராந்திரப் பயிற்சி வந்தது. மணி அடித்ததும் எல்லோரும் ஏரிக்கரைக்கு நேர் கீழே இருந்த மைதானத்துக்கு வர வேண்டும். மன்னர் சிலைக்கு முன் சம்மணமிட்டு, கண்ணை மூடி, மறுமணி அடிக்கும்வரை "அரசர் இருக்கிறார்" என்று முணுமுணுக்க வேண்டும். கண்ணைத் திறந்தவருக்குப் பட்டம் கிடையாது.

வேதவல்லி அங்கே பெண்கள் விடுதியின் காப்பாளர். புருஷன் போய்விட்டான், ஒரே மகள் குழலி அதே கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தாள். மகள் மைதானத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வேதவல்லி மேலே நிற்கும் ஏரிக்கரையை அண்ணாந்து பார்த்துக்கொள்வாள். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை. பயம்தான், வேறென்ன.

அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. ஒரு காலையில் விடுதியின் பின்பக்கம் போனவள் ஏரிக்கரையின் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிப்பதைப் பார்த்தாள். செம்மண் கரைந்து வந்துகொண்டிருந்தது. அமைச்சரின் மாளிகைக்கு ஓடினாள்.

"ஐயா, கரையில ஓட்டை விழுந்திருக்கு. மண்ணும் சேர்ந்து வருது. மலைப்பாதையத் திறந்துவிடச் சொல்லுங்க."

அபயங்கரர் நிறப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். "அம்மணி, தற்சமயம் நாட்டில் நிலவுவது இளம்பச்சை. இளம்பச்சையில் கரை உடைய விதியில்லை."

"உங்க விதி தண்ணிக்குத் தெரியாதுங்க."

"பீதி கிளப்புவோருக்கு என்ன தண்டனை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்களுக்கு ஒரு மகள் வேறு இருக்கிறாள் அல்லவா?"

வேதவல்லி திரும்பினாள். தலையைக் குனிந்தபடி வாசலுக்கு வந்தாள். அங்கே அமைச்சரின் மனைவி, மக்கள், கிளிக்கூண்டு, எல்லாம் வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தன. மலைப்பாதைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. சற்று நேரத்தில் அபயங்கரரே வெளியே வந்து கடைசி வண்டியில் ஏறினார். ஏறியவர் சேவகனிடம் சொன்னார்: "நிம்மதி மணியை அடியுங்கள். நாளை நம்மை யாரும் குறை கூறக் கூடாது."

"வேண்டாங்க, அடிக்காதீங்க," என்று வேதவல்லி அலறினாள். அவள் முடிப்பதற்குள் மணி ஒலித்தது.

கலாசாலைப் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. வரிசையாக வந்து, உட்கார்ந்து, கண்ணை மூடினார்கள். அவ்வளவு அழகான ஒழுங்கு. வேதவல்லி ஓடிவந்து வரிசைகளுக்கு நடுவே புகுந்தாள்.

"எந்திரிங்க. கரை போகுது. மலைக்கு ஓடுங்க."

சில இமைகள் துடித்தன, ஒன்றும் திறக்கவில்லை. குழலியைக் கண்டுபிடித்துத் தோளை உலுக்கினாள்.

"அம்மா, போயிரும்மா," என்றாள் மகள், உதடு அசையாமல். "யாராவது பாத்தா என் பட்டம் போயிரும்."

வேதவல்லி அவள் சடையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதி மலை ஏறியிருப்பார்கள், கரை உடைந்தது. "அரசர் இருக்கிறார்" என்ற முணுமுணுப்பு கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் அதை மூடிய பிறகும் வேதவல்லிக்கு அது கேட்டது.

விசாரணை நடந்தது. மணி அடிக்கப்பட்டது, அனைவரும் மைதானத்துக்கு வந்தனர், ஒருவர்கூடப் பயப்படவில்லை, எனவே ஏற்பாடுகள் பூரண வெற்றி என்று குழு தீர்ப்பளித்தது. அபயங்கரரின் மணிக்கட்டில் மன்னர் தம் கையாலேயே தங்கத் தோடா பூட்டினார். ஏரி உடைந்ததாகச் சொல்வது வதந்தி என்றும், அதைக் கிளப்பிப் பயிற்சியைக் கெடுத்தவள் ஒரு பெண் என்றும் கண்டறிந்தார்கள். மைதானத்திலிருந்து உயிரோடு மீண்ட ஒரே சாட்சியாகக் குழலியைக் கூப்பிட்டார்கள்.

கைகள் கட்டப்பட்டு நின்றிருந்த வேதவல்லிக்கு அன்று பயமே இல்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள், இனி என்ன வந்தால் என்ன என்று நின்றாள்.

"பெண்ணே," என்றார் அபயங்கரர் கனிவாக, "ஏரி உடைந்ததை நீ பார்த்தாயா?"

குழலி அம்மாவைப் பார்த்தாள். அமைச்சரைப் பார்த்தாள். பிறகு சபையின் தரையில் மெல்லச் சம்மணமிட்டு உட்கார்ந்து, இமைகளை இறுக்கிக்கொண்டாள்.

"நான் கண்ணத் திறக்கவே இல்லைங்க," என்றாள்.