சர்க்கரைத் தண்ணி அக்கா

மருந்தகம்,
தீவு மருத்துவமனை, ஃபொனுவாமா.
வெள்ளிக்கிழமை, மழை.

பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரி, வார்டின் தலைமைச் செவிலியர் லோசலினே அவர்களின் சமூகத்துக்கு,

உடன்பிறந்தவனும் இம்மருத்துவமனையின் மருந்தாளுநனுமாகிய கெலெபி, பெரியவர்கள் முன் கட்டும் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டி, தரையில் சம்மணமிட்டு, பணிந்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாங்கள் நலமாக இருப்பதை நடுவில் உள்ள ஒட்டுப்பலகைச் சுவர் வழியாகத் தங்கள் குரலைக் கேட்டு நாள்தோறும் அறிகிறேன். தங்கள் மகன் போன ஞாயிறு வந்து என் மீன்வலையை எடுத்துப்போனான். தாய்மாமன் பொருளில் மருமகனுக்குள்ள உரிமையை நான் ஒருநாளும் மறுத்தவன் அல்ல. வலை அவனிடம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அதற்கு முந்தின மாதம் எடுத்துப்போன பன்றி நலமாக இல்லை என்று கேள்வி. ருசியாக இருந்ததாம்.

இக்கடிதத்தின் நோக்கம் இரண்டு. ஒன்று, செவ்வாய்க்கிழமை தாங்கள் இருந்த அறைக்குள் நான் நுழைந்ததற்கும், தங்களைப் பார்த்துக் கத்தியதற்கும் மன்னிப்புக் கேட்பது. மற்றொன்று, என்னை வடக்குத் தீவுக்கு மாற்றும்படி நான் எழுதிய விண்ணப்பத்தை இத்துடன் வைத்து, டாக்டர் தலைநகரில் இருப்பதால் பொறுப்பிலிருக்கும் தங்களிடம் கையெழுத்துக் கேட்பது. வளர்ந்த அக்காவும் தம்பியும் ஓரிடத்தில் இருக்கலாகாது என்ற நம் தீவு முறைப்படி, எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா வீட்டுக்குப் பின்னால் தனிக் குடிசை போட்டு, "இனிமே அக்கா இருக்கற எடத்துல நீ இருக்கக் கூடாது" என்று என் பாயைச் சுருட்டிக் கொடுத்தார். இருபத்தொன்பது வருடமாக நான் அதைக் காப்பாற்றிவந்தேன். தங்களிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. தேவையும் வந்ததில்லை.

பிப்ரவரியில் தாங்கள் இங்கே மாற்றலாகி வந்ததும்தான் தேவை வந்தது. மருத்துவமனைக்கு இருப்பது ஒரே நடைவழி. தாங்கள் வரும் காலடி கேட்டால் நான் பஞ்சு மூட்டை வைக்கும் அறைக்குள் போய் நின்றுகொள்வேன். ஒருநாள் தாங்கள் அந்த நடையில் நின்று யாரிடமோ மரவள்ளி அறுவடை பற்றி நாற்பது நிமிடம் பேசினீர்கள், அவ்வளவு நேரமும் நான் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தேன், குறையில்லை. மற்ற எல்லாச் செய்திக்கும் நடுவில் உதவியாளர் தெலேசியா போய்வந்தார். இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது, அதைக் கெடுத்தது நான் சுவரில் ஒட்டிய அட்டவணைதான்.

எந்த ஊசி மருந்தை எதனோடு கலக்கலாம் என்பதற்குத் தலையணை அளவில் ஒரு புத்தகம் நம்மிடம் உண்டு, அதைத் தலையணையாக மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். ஆறு மாதம் பாடம் நடத்திப் பார்த்தேன். இரண்டு மருந்தும் தனித்தனியே நல்லவை, ஒரே குழாயில் சேர்ந்தால் பால் திரிந்த மாதிரி கட்டியாகிவிடும், கட்டி ரத்தத்தில் போனால் ஆள் போய்விடுவார் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு, "அதான், கலக்கலாமா கூடாதா?" என்றார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "இவை அக்கா–தம்பி மருந்துகள். ஒரே குழாய்க்குள் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒருவர் போனபின் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு மற்றவர்." ஆறு மாதம் புரியாதது அரை மணியில் புரிந்தது. தெலேசியா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "ஏப்பா கெலெபி, அப்போ உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிக்கிட்டிருக்கற நான்தான் உப்புத் தண்ணியா?" ஆமாம் என்றேன். அன்று முழுக்க அவருக்கு ஒரே பெருமை.

மறுநாளே சிக்கல் ஆரம்பித்தது. ஜோடியில் எது அக்கா, எது தம்பி என்று கேட்டார்கள். அக்காவுக்குத்தானே மரியாதை அதிகம், அவர்தானே முதலில் போக வேண்டும்? நான் யோசிக்காமல் கால்சியத்தை அக்கா என்றுவிட்டேன். அடுத்து, நம் முறைப்படி சித்தப்பன், பெரியப்பன், அத்தை, மாமன் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள்தானே, ஒரே அட்டைப்பெட்டியில் ஒரே கம்பெனியிலிருந்து வந்த மருந்துகள் எப்படி ஒன்றாகப் போகும் என்று ஒரு நர்ஸ் கேட்டார். மூன்று நாள் வார்டில் யாரும் எதையும் எதனோடும் கலக்கவில்லை. அதைச் சரிசெய்ய, கலக்கக்கூடியவற்றைத் "தம்பதிகள்" என்று இன்னொரு தாளில் எழுதினேன். அதில் ஒரு ஜோடி கலந்தபின் நாலு மணி நேரம்தான் கெடாமல் இருக்கும், ஆகவே "நாலு மணி நேரத்துக்கு மட்டும் தம்பதிகள்" என்று போட்டேன். நோயாளிகளுக்கு ஜெபம் செய்ய வந்த போதகர் அதைப் படித்துவிட்டு, ஜெபம் செய்யாமலே திரும்பிப்போனார். ஞாயிறு பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். படகுக் கேப்டன் லொபேட்டிக்கு வலிப்பு வந்து நிற்காமல் போக, டாக்டர் போனில் வலிப்பு மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்னார். அந்த மருந்தை உப்புத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், சர்க்கரைத் தண்ணீரில் கலந்தால் திரிந்துவிடும். இதைத் தங்களுக்கு நினைவூட்ட, நம் அட்டவணைப் பாஷையில் ஒரு சீட்டு எழுதி மருந்தோடு தெலேசியாவிடம் கொடுத்தேன்: "இந்த மருந்துக்குச் சர்க்கரைத் தண்ணி அக்கா". அதாவது சர்க்கரைத் தண்ணி இதற்கு அக்கா முறை, கிட்டே சேர்க்கக் கூடாது என்று பொருள். தாங்கள் கையுறை போட்டிருந்ததால் தெலேசியா படித்துக்காட்டினாராம், மரியாதையாக, நிறுத்தி: "இந்த மருந்துக்குச் சர்க்கரைத் தண்ணி, அக்கா!" நான் போடாத ஒரு கமாவை அவர் போட்டுவிட்டார். பிறகு கேட்டதற்கு, "அக்காவுக்கு எழுதின சீட்டு அக்கான்னு முடிஞ்சுது. பரவால்லையே, பையனுக்குப் பாசம் வந்துருச்சுன்னு நெனச்சேன்" என்கிறார்.

நான் வெளியே முற்றத்தில் நின்று வார்டு ஜன்னல் வழியே பார்த்தேன். தொங்கும் பையில் வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தெலேசியாவைத் தேடினேன், அவர் துணி காயப்போடப் போயிருந்தார். வார்டு வாசல்வரை ஓடி வந்தேன் அக்கா, ஓடி வந்துட்டு அங்கேயே நின்னுட்டேன். உள்ளே நீங்க இருக்கீங்க. கேப்டன் மூச்சு கேக்குது. எத்தனை நேரம் நின்னேன்னு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், அஞ்சு மூச்சு. அதுக்குத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரல, கத்தினதுக்கு இல்ல. அப்புறம் ஒரே அறையில உங்களைப் பாக்கக் கூடாதேன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "நிறுத்துங்க!"ன்னு கத்திக்கிட்டே உள்ளே வந்து தட்டு வண்டி மேல விழுந்தேன். இருபத்தொம்பது வருஷத்துல நீங்க எங்கிட்டப் பேசின முதல் வார்த்தை இதுதான்: "கண்ணைத் தொறடா, மடையா! அந்தப் பக்கம் ஜன்னல்."

குழாயைத் தாங்கள் அதுவரை திறக்கவேயில்லை. பிடியை விரலால் அழுத்திக்கொண்டு பையையே பார்த்தபடி நின்றிருந்தீர்கள். புதுப் பையில் உப்புத் தண்ணீர், புது மருந்து, இருவரும் சேர்ந்து கலந்தோம். கேப்டனுக்கு வலிப்பு நின்றது. இப்போது எழுந்து உட்கார்ந்து, தேங்காய்ப்பாலில் வெந்த டின் மாட்டிறைச்சி இல்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்கிறார், அதைச் சொல்ல மட்டும் திறக்கிறார். ஆனால் பையைத் தூக்கி எறிந்தபின் தாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சர்க்கரைத் தண்ணி ஆகாதுன்னு எனக்குத் தெரியாதாடா? தெரிஞ்சுதான் கலக்கினேன். இத்தனை வருஷம் கழிச்சு அக்கான்னு எழுதியிருக்கான், அதுல போயி தப்பு சொல்லவான்னு இருந்துட்டேன். ஏத்த மட்டும் மனசு வரல."

அன்றிரவே மாற்றல் விண்ணப்பத்தை எழுதினேன். ஒரு கூரையின் கீழ் நாம் இருவரும் இருப்பது நோயாளிகளுக்கு ஆபத்து என்பது தெளிவாகிவிட்டது. வடக்குத் தீவுக்கு மாதம் ஒரு கப்பல்தான். அங்கே எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை, சித்தப்பா மகள்கூட இல்லை, விசாரித்துவிட்டேன். தயவுசெய்து கையெழுத்திட்டு அனுப்புங்கள். கடவுள் தங்களுக்கும் தங்கள் மகனுக்கும், அவனிடமுள்ள என் வலைக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

தங்கள் பாதம் பார்த்துப் பணியும் தம்பி,
கெலெபி

பி.கு.: இதை மடித்துத் தெலேசியாவிடம் கொடுத்தேன். போன வேகத்தில் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டார். "அக்கா கண்ணாடியை வீட்லயே வச்சுட்டு வந்துட்டாங்களாம். என்னைப் படிக்க வேணாங்கறாங்க, நான் படிச்சா ஆள் செத்துருவாங்களாம். எழுதினவனே வந்து படிக்கணுமாம். அந்தக் கண்ணாடி அவங்க தலை மேலதான் இருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லிக்கல. உப்புத் தண்ணி வேலைய நான் இன்னியோட விட்டுட்டேன்பா." தாங்கள் மருந்தக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரும் சத்தமும் கேட்டது. ஆகவே இக்கடிதம் அனுப்பப்படவில்லை, ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்தே வாசிக்கப்படுகிறது. மாற்றல் பற்றி வரும் இடங்களில் இருமிக்கொள்கிறேன். மற்ற இடங்களில் கமாவில் எல்லாம் சரியாக நிறுத்தி வாசிக்கிறேன், அக்கா.