ஆகமன காலத்தில் நான் கேட்ட மன்னிப்பு

பக்தி முற்றியவனைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. குடிகாரனாவது காலையில் தெளிந்துவிடுவான். இருபத்திரண்டு வயதில் எனக்கு முற்றிய பக்தி தெளிய, குடும்பமே அவதிப்பட வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. சாந்தோமில் குடியிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் இருக்கும்போது ஆகமன காலம் தொடங்கும். பாலகன் இயேசு வருவதற்குள் ஆத்துமத்தைக் கூட்டிப் பெருக்கிவிட வேண்டும். "உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால், முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள். பிறகு உன் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வா" என்று மாதா கோவிலில் பிரசங்கம் வைத்தார் சாமியார். உடனே ஆத்தும சோதனையில் இறங்கினேன். ஒரு பாவம் உறுத்தியது.

நாலு வருஷத்துக்கு முன்பு என் அண்ணன் அந்தோணிக்கு ராயப்பேட்டையில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் ஆனால் எங்கள் வீட்டின் காற்றோட்டமான முன்னறை அவனுக்குப் போய்விடும். அந்த அறைக்காக, நான் பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, "அண்ணன் கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் போறாருங்க" என்று வத்தி வைத்துவிட்டு வந்தேன். (போனது ஒரே தடவை. கூட்டிப்போன மகராசன் நான்.) காரணம் சொல்லாமலே சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். தன் கறுப்பு நிறம் பிடிக்காமல்தான் அந்தப் பெண் வேண்டாமென்றாள் என்று அண்ணன் தானே முடிவுகட்டிக்கொண்டான். பிறகு வேறிடத்தில் கல்யாணமாகி மயிலாப்பூரில் தனிக்குடித்தனம் போனான். அப்போதும் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் எல்லோருக்கும் பின்னால் போய் நிற்பான். நானோ முன்னறையில் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிரசங்கம் கேட்ட மறுநாள் காலை, மயிலாப்பூரில் அவன் ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போய்க் காலில் விழுந்தேன்.

"டேய், இன்னாடா இது? ஜுரம் கிரம் கீதா உனக்கு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். ஒத்திகை பார்த்தபடியே அழுகையும் வந்தது. கட்டிக்கொள்வான் என்று நம்பித் தோளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன், மடையன்!

அண்ணன் கையிலிருந்த ஆப்பத்தைத் தட்டில் வைத்தான். "அப்போ, அவ என்னை வேணாங்கலியா?"

"இல்லண்ணே. அதுக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருந்துச்சு." (இதையும் சொல்லித் தொலைத்தேன். சங்கீர்த்தனத்தில் எதையும் மறைக்கக் கூடாதே!)

அடுப்படியிலிருந்து கரண்டியோடு அண்ணி வந்தாள். அப்படி ஒரு பெண் இருந்த கதையே அவளுக்குத் தெரியாது.

"எவ அவ?"

அண்ணன் கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் கோவிலுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்ட சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "உன்மேல மனத்தாங்கல் உள்ளவன்கிட்டதானேப்பா போகச் சொன்னேன்? அவனுக்கு அப்படி ஒண்ணுமே இல்லையே!"

"இப்போ கீது சாமி" என்றேன்.

அண்ணன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அண்ணி பேசினாள், அதற்கு அவளும் பேசாமலே இருந்திருக்கலாம். இப்போதும் ஆகமன காலத்தில் நான் அங்கே தலைகாட்டினால், "சித்தப்பா வர்றாரு, கதவைச் சாத்து! மன்னிப்புக் கேட்டுடப் போறாரு!" என்று அவன் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். வீடே சிரிக்கும். அண்ணனும் சிரிப்பான். மன்னித்தேன் என்று மட்டும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.